குழைவு என்று ஒரு ஃபங்ஷன்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

கடவுள் கிருபையில் நீ நலமாக இருக்க வேண்டும். தினமும் கும்பிடும்போது கேட்டுக்கொள்வதை இன்று எழுத்திலும் கேட்டுவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சுமூச்சில்லாமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியமாகத்தான் என்று நினைப்பாய். காரியமாகத்தான், அம்மா. சுற்றி வளைக்கவில்லை.

பிரார்த்தனை மண்டபத்துச் சமையலறைக்கு நீ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாயே, வீட்டோடு கிடக்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்ப. அன்றைய சமையலையும் ஆளுடைய பத்தியத்தையும் கொடுத்தால், அவரவர் பாத்திரத்தில் என்ன போக வேண்டும் என்று சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

இந்த மாதம் புதிதாக ஒரு தையல்காரர் சேர்ந்தார். பக்கவாதம் வந்த மனுஷன், ஒண்டிக்கட்டை. தொண்டை சரியாக விழுங்காது, எல்லாவற்றையும் குழைத்துத்தான் தர வேண்டும். அவர் பெயருக்கு நேரே 'குழைவு' என்று நான்தான் பதிந்தேன். நேற்று அவருடைய முதல் சீட்டிலேயே சாதாரணச் சாப்பாடு என்று அச்சாகி வந்தது. கட்டினவர்கள் சீட்டை நம்பிக் கட்டிவிட்டார்கள். கேரட் துண்டு தொண்டையில் அடைத்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்திருக்காவிட்டால் ஆள் போயிருப்பார். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பிழைத்துக்கொண்டார்.

பொருளாளர் காத்திருந்தவர் மாதிரி, "அடுத்த மாதத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். பத்தியக்காரர்கள் பதினோரு பேர். வேறு இடம் இருந்தால் அவர்கள் ஏன் நம்மிடம் வருகிறார்கள்? இருபத்தொன்றாம் தேதி கூட்டத்தில் முடிவு செய்வார்களாம்.

நீ சரி செய்து தர வேண்டாம். எங்கே பார்ப்பது என்று மட்டும் சொல். நீ விட்டுப்போன புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் புரோகிராம் மொழியைப் பாதி படித்திருக்கிறேன். ஃபங்ஷன் என்பது உள்ளே போட்டதைக் கெடுக்காமல் வேறொன்றாகத் திருப்பித் தருவது என்பது வரைக்கும் புரிந்திருக்கிறது.

உன் அத்தை

*

மார்ச் 7

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதம் மின்னஞ்சலில் கிடைத்தது. தையல்காரர் பிழைத்தது நிம்மதி.

புரோகிராம் வேலை செய்யும் விதம் இது. 'குழைவு' என்பதை நீங்கள் அட்டவணையில் பதிகிறீர்கள். அது வெறும் எழுத்து. புரோகிராம் ஓடும்போது அந்த எழுத்தை எடுத்துக்கொண்டு, அதே பெயரில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அன்றைய சமையலை அதற்குள் போடும். இல்லாவிட்டால் சமையலை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது.

ஃபைலில் 'குழைவு' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபைலை எனக்கு அனுப்புங்கள், அரை மணி நேரத்தில் முடித்து அனுப்புகிறேன். நீங்கள் உள்ளே கை வைக்க வேண்டாம்.

வீட்டு விஷயம் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மருமகள்

*

மார்ச் 10

அன்புள்ள மருமகளுக்கு,

முன்னாள் மந்திரி மாதிரி கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மாமாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டு உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இது வீட்டு விஷயமில்லை, மாமா விஷயம்.

குழைவு ஃபைலில் இருக்கிறது! நீ எழுதினபடியே, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் புரோகிராம் ஓடும்போது கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரையில் பெயரைப் போட்டுத் தேடினால் 'இல்லை' என்கிறது. உப்பில்லாததைத் தேடினேன், வந்தது. சர்க்கரையில்லாததும் வந்தது. குழைவு மட்டும் வரவில்லை. எழுத்தில் இருக்கிறவள் கூப்பிட்டால் எங்கே போய்விடுகிறாள்? இரண்டு நாளாக அடுப்படியில் நின்றாலும் இதே யோசனை. நேற்று பாலைப் பொங்கவிட்டு இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஃபைலை அனுப்பமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடுவாய், அடுத்த முறை கோளாறு வந்தால் நான் மறுபடி உன் வாசலில் வந்து நிற்க வேண்டும். உனக்கும் அது வேண்டாம். எனக்கும் வேண்டாம். என்ன கேள்வி வேண்டுமானாலும் கேள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

பொருளாளர் மண்டபத்து வாசலில் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கம்ப்யூட்டர் வேலை? ஒரு குண்டான், ஒரு கரண்டி, ஒரே சாப்பாடு. நிம்மதி." "யாருக்கு நிம்மதி?" என்று கேட்டேன். "நமக்குத்தான்" என்றார். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியவில்லை.

உன் அத்தை

*

மார்ச் 12

அத்தை,

ஒரே கேள்வி. இடையில் கம்ப்யூட்டர் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் புரோகிராமை எப்படி ஏற்றினீர்கள்? ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

*

மார்ச் 12, மாலை

அன்புள்ள மருமகளுக்கு,

ஆமாம், பழையது உயிரை விட்டுவிட்டது. யாரோ தானமாகக் கொடுத்த ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதில் இடம் குறைவு. ஃபைலிலிருந்து புதிதாகத் தயாரிக்கும்போது 'முழு அளவு', 'சிறிய அளவு, பயன்படாதவை நீக்கப்படும்' என்று இரண்டு கேட்டது. பயன்படாததை யாராவது வைத்துக்கொள்வார்களா? சிறியதைத் தொட்டேன். பாதிக்குப் பாதி இடம் மிச்சமானது. அன்று எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதுதானா?

உன் அத்தை

*

மார்ச் 14

அத்தை,

அதுதான்.

எந்த ஃபங்ஷனை எது கூப்பிடுகிறது என்று, புரோகிராமைச் சுருக்கித் தயாரிக்கிற அந்தக் கருவி எழுத்தைப் படித்துத்தான் முடிவு செய்யும். பத்திய ஃபங்ஷன்கள் எதையும் சீட்டு எழுதும் பகுதி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓடும்போதுதான் அட்டவணையிலிருந்து பெயர் வருகிறது, அது அந்தக் கருவிக்குத் தெரியாது. உப்பில்லாததும் சர்க்கரையில்லாததும் தப்பித்ததற்குக் காரணம், மாதச் சாமான் கணக்குக்காக அவற்றை நான் இன்னோர் இடத்தில் நேராகக் கூப்பிட்டிருக்கிறேன். குழைத்தால் சாமான் கூடுவதுமில்லை குறைவதுமில்லை. அதனால் குழைவை எங்கேயும் கூப்பிடவில்லை. யாருக்கும் வேண்டாதது என்று கருவி கழித்துவிட்டது.

தப்பு உங்களுடையது இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் இருந்ததையே திருப்பிக் கொடு என்று எழுதியது நான். நின்றுபோ என்று எழுதியிருக்க வேண்டும். அப்போது அப்படி எழுதத் தோன்றவில்லை. கேட்டது கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை வைத்துக்கொண்டு போவது அந்த வீட்டில் எனக்குப் பழகியிருந்தது.

இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி ஒரு மனிதர் தொண்டையில் போய் நின்றிருக்கிறது. அதனால் பொருளாளருக்கு இன்று எழுதிவிட்டேன்: இந்தப் புரோகிராமை எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், இதை இனிமேல் பயன்படுத்தாதீர்கள் என்று. நீங்களும் நிறுத்திவிடுங்கள், அத்தை. தயவுசெய்து.

*

மார்ச் 22

அன்புள்ள மருமகளுக்கு,

பொருளாளர் உன் கடிதத்தைக் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தார். அவ்வளவு அழகாக அவர் பிரார்த்தனைகூடப் படித்ததில்லை. "எழுதினவளே வேண்டாம் என்கிறாள், அப்புறம் என்ன?" என்று உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். நான் தோற்றேன். ஒன்றாம் தேதியிலிருந்து மண்டபத்தில் ஒரே சாப்பாடு.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். நேற்று முழுக்க இருந்தது. இன்று காலை கும்பிட்டுவிட்டு எழுந்தபோது பாதி போயிருந்தது. மீதியை இந்தக் கடிதத்தில் வைத்து அனுப்புகிறேன், படித்துவிட்டு நீயே எங்கேயாவது போட்டுவிடு.

கூட்டத்தில் நான் சும்மா இருக்கவில்லை. எழுந்தேன். உன் மாஜி வீட்டுக்காரன் பின் வரிசையில் இருந்தான், "அம்மா, உட்காரும்மா" என்றான். "நீ உட்காருடா" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. வீட்டு விஷயம் எழுதாதே என்றாய். இது ஊர் பார்த்த விஷயம், அதனால் எழுதலாம்.

இப்போது கேள். ஒன்றாம் தேதிக்குக் காத்திருக்காமல், வரும் திங்களிலிருந்தே பதினோரு பேருக்கும் என் வீட்டு அடுப்பில் சமைக்கப் போகிறேன். மண்டபம் பாத்திரங்களைத் தருகிறது, காய் தருகிறது. அதற்குமேல் கேட்டால் குற்றம். மாமா வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார். "இந்த வயசில் எனக்கு டெலிவரி வேலையா?" என்று நேற்று ராத்திரி முழுக்க முணுமுணுத்தார், இன்று காலை வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிறார். திங்கள் மதியம் என் வீட்டிலிருந்து அவருடைய முதல் பாத்திரம் போக வேண்டும்.

புரோகிராமையும் நிறுத்தவில்லை. பதினோரு பேர் பத்தியத்தையும் தினமும் தலையில் வைத்துக்கொள்கிறேன் என்று நான் வீம்பு பேசலாம். என்றைக்காவது பால் பொங்கின மாதிரி அதுவும் பொங்கும். உன் பயம் நியாயமான பயம். ஆனால் அதைப் பொருளாளருக்குக் கடிதமாக எழுதி என்ன பிரயோஜனம்? புரோகிராமுக்குள் எழுத வேண்டிய பயம் அது. எழுதினேன்.

பெயரை வைத்து ஊரெல்லாம் தேடுவதை எடுத்துவிட்டேன். ஒரு பட்டியல் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அந்த ஃபங்ஷனையே உட்காரவைத்தேன். இந்த மொழியில் ஃபங்ஷனை ஒரு பொருள் மாதிரிக் கையில் எடுத்து வைக்கலாம் என்று உன் புத்தகத்தில் நடுவில் இருக்கிறது. அந்த இடத்துக்கு வரவே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. பட்டியல் நேராகச் சுட்டிக்காட்டுவதால் அந்தக் கருவியால் எதையும் கழிக்க முடியாது. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் சீட்டு அச்சாகாது. "இந்தப் பெயருக்கு ஒன்றும் இல்லை, பாத்திரம் கட்டாதே, போய்க் கேள்" என்று நிற்கும். வேண்டுமென்றே குழைவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ஓட்டினேன். நின்றது. திரும்ப வைத்து, சிறிய அளவிலேயே தயாரித்து ஓட்டினேன். தையல்காரர் சீட்டு வந்தது: குழைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கூப்பிவிட்டேன்.

பத்தியம் எழுதாமல் காலியாக விட்டிருந்தால் மட்டும் சாதாரணச் சாப்பாடு என்று வரும். மற்றபடி எல்லாம் நின்று கேட்கும்.

உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, அம்மா. சொல்லாமல் செய்யக் கூடாது என்று சொல்கிறேன். நீ பதில் எழுதாவிட்டாலும் திங்கட்கிழமை அடுப்பு எரியும்.

உன் அத்தை

*

மார்ச் 24

அத்தை,

மூன்று முறை படித்தேன். உங்கள் மீதிக் கோபத்தை எங்கே போடுவது என்று தெரியவில்லை, மேஜை மேலேயே இருக்கிறது.

பொருளாளருக்கு நான் எழுதியிருக்கக் கூடாது. உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பட்டியல் சரி. நின்று கேட்பதும் சரி. காலியாக விடுவது சரியில்லை. புதிதாக ஒருவர் வருகிறார், அவசரத்தில் பத்தியத்தை அப்புறம் எழுதலாம் என்று விடுகிறீர்கள், மறுநாள் அவருக்குச் சாதாரணச் சாப்பாடு போகிறது. மறுபடி அதே கேரட் துண்டு. ஒன்றும் எழுதவில்லை என்றால் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம், எதையும் சாப்பிடுவார் என்று அர்த்தமில்லை. 'சாதாரணம்' என்பதற்கும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். வாங்கினதை அப்படியே திருப்பித் தருகிற ஃபங்ஷன், ஒரே வரி. அதையும் பட்டியலில் பெயரோடு வையுங்கள். பெயர் காலியாக இருந்தால் நிற்கட்டும்.

ஃபைலை அனுப்பச் சொல்லவில்லை. நீங்களே எழுதுங்கள். எழுதினதும் அந்த ஒரு வரியையும், காலியாக விட்டு ஓட்டினால் என்ன வருகிறது என்பதையும் எனக்கு அனுப்புங்கள். திங்கள் மதியத்துக்குள் முடிய வேண்டும். நான் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.