பதிவு எண் 318: பொத்தான் வைத்த கை உறைகள் குறித்து

அனுப்புநர்:
பதிவு எண் 318 குழந்தையின் தகப்பன்,
தையல்காரர்,
சலவைக் கடைக்கு மேலே, முதல் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் வளர்ச்சி மையங்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கையால் பேசிவந்த மூன்று வயதுக் குழந்தையின் கைகளை மூடச் சொன்னது – பிறகு "சொற்கள்: பூஜ்யம்" என்று எழுதி அவளை மையத்திலிருந்து நீக்கியது – இன்னும் மூடியிருக்கும் ஆறு குழந்தைகளின் கைகளை உடனே திறக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. அளவு எடுத்து எழுதத்தான் தெரியும். அதேபோல் நடந்ததை நடந்த அளவில் எழுதுகிறேன்.

1. என் மகளுக்கு மூன்று வயது இரண்டு மாதம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுகிறோம். பத்து நிமிடம் என் கடையில் விட்டால் காரணம் தங்களுக்கே விளங்கும். ஒன்றரை வயதிலிருந்து தங்கள் மையத்துக்கு வருகிறாள்.

2. அங்கே பேச்சுப் பயிற்சி கொடுத்த இளம்பெண் அவளுக்குக் கைச்சைகை கற்றுக்கொடுத்தார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வாய் வசப்பட நாளாகும், அதுவரை கை பேசட்டும், கையின் பின்னாலேயே வாயும் வரும் என்றார். அப்படியே வந்தது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் தண்ணீர். விரல் நுனிகளைச் சேர்த்துத் தட்டினால் 'இன்னும்'. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் முட்டினால் வலி. எங்கே வலிக்கிறதோ அங்கே வைத்து முட்ட வேண்டும். என் மனைவி ஒரு நோட்டில் எழுதி வந்தாள். மொத்தம் நாற்பத்தொரு சைகைகள். பால் என்று கை காட்டும்போது உதட்டைக் கூட்டி "ப்" என்று ஊதவும் தொடங்கியிருந்தாள். அந்த "ப்" வந்த அன்று கடையைச் சாத்திவிட்டேன். வேலை ஓடவில்லை.

3. பிறகு அந்தப் பெண்ணை வேறு மையத்துக்கு மாற்றினீர்கள். மதிப்பீட்டு அலுவலர் ஒருவர் வந்தார். அவருடைய படிவத்தில் வாயால் சொன்ன சொற்களுக்கு மட்டுமே கட்டம் இருந்தது. என் மனைவி நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "கை ஓடிக்கிட்டே இருந்தா வாய் எதுக்குங்க திறக்கும்? கையை மூடுங்க, பேச்சு தானா வரும்." அவர் எதிரில் மேசை இருந்தது, சுவரில் சான்றிதழ் இருந்தது. நம்பினேன்.

4. மூடச் சொன்னது அவர். தைத்தது நான். இதை மறைத்து மனு எழுத எனக்கு மனம் வரவில்லை. சட்டைக் கையின் நுனியில் பை மாதிரி ஒரு துணி, மணிக்கட்டின் வெளிப்பக்கம் இரண்டு பொத்தான். உள்ளே மெத்தென்று பருத்தித் துணி கொடுத்தேன், விரல் உரசக்கூடாதே என்று. எங்களால் கழற்ற முடியும், அவளால் முடியாது. அவ்வளவு கச்சிதமான வேலை.

5. உறை போடுவதற்கு முந்தைய வாரம் அவள் வலது காதருகே விரல்களை முட்டிக்கொண்டே இருந்தாள். காது வலி என்கிறாள் போல என்று என் மனைவி சொன்னாள். அலுவலரிடம் கேட்டேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு இப்படி ஏதாவது பழக்கம் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். காதைச் சோதிக்கச் சீட்டுக் கேட்டேன். பத்துச் சொல்லாவது பேசும் குழந்தைக்குத்தான் சீட்டு, அது விதி என்றார். காது கேட்டால்தானே ஐயா பேச்சு வரும்? அன்று இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, முட்டிக்கொண்டிருந்த அவள் கையைத் தட்டிவிட்டேன்.

6. பத்தொன்பது நாள் உறையோடு இருந்தாள். முதல் இரண்டு நாள் அழுதாள். அதன் பிறகு அழவில்லை. தண்ணீர் கேட்கவில்லை, 'இன்னும்' கேட்கவில்லை, அந்த "ப்"பும் நின்றுபோனது. அடங்கிவிட்டாள், நல்ல அறிகுறி என்றார் அலுவலர். இருபதாம் நாள் காலையில் தலையணையில் சீழும் இரத்தமும் இருந்தன. பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வலது செவிப்பறை கிழிந்திருந்தது. இரண்டு காதிலும் பல மாதமாக நீர் கட்டியிருக்கிறது, பாதிதான் கேட்டிருக்கும், இந்தப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருவது, அதனால் காதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று காது மருத்துவர் சொன்னார். வலிக்கிறது என்று குழந்தை ஒரு முறைகூடக் காட்டவில்லையா என்று கேட்டார். என் மனைவி சொன்னாள்: "காட்டினா. நாங்கதான் பொத்தான் போட்டோம்."

7. தங்கள் கோப்பைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். அதில் அலுவலரின் கையெழுத்தில் இருக்கிறது: "காதருகே விரல்களை முட்டும் தேவையற்ற பழக்கம். இரண்டு அமர்வுகளில் பதினொரு முறை. கட்டுப்படுத்தவும்." நன்றாகத்தான் எண்ணியிருக்கிறார். என் மகள் பதினொரு முறை சொல்லியிருக்கிறாள். அதற்கு அடுத்த வரி: "சொற்கள்: பூஜ்யம்." அந்தப் பூஜ்யத்தைக் காட்டி, வரும் ஒன்றாம் தேதி முதல் அவளுக்கு மையத்தில் இடமில்லை என்று கடிதம் வந்திருக்கிறது.

8. இனி எழுதுவதுதான் அவசரம். என் தையலைப் பார்த்து அலுவலருக்குப் பிடித்துப்போயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்றார். பெருமையாக இருந்தது, ஐயா. ஒரே நாளில் ஆறு ஜோடி தைத்துக் கொடுத்தேன். அவை இன்று ஆறு குழந்தைகளின் கைகளில் இருக்கின்றன. அந்த ஆறு பேரும் என்ன சொல்ல வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று மையத்துக்குப் போய்த் திருப்பிக் கேட்டேன். உள்ளே விட மறுத்துவிட்டார்கள்.

ஆகவே முதலில் அந்த ஆறு ஜோடியையும் இந்த மனு தங்கள் கைக்கு வரும் அன்றே கழற்றச் செய்யுங்கள். அந்த ஆறு குழந்தைகளின் காதையும் சோதியுங்கள். பத்துச் சொல் விதியை எழுதியவர் யாரோ, அவரையே அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். என் மகளின் கோப்பில் பூஜ்யத்தை அடித்து நாற்பத்தொன்று என்று எழுதுங்கள். நோட்டு இத்துடன் இருக்கிறது. அவளுடைய இடத்தையும், அந்தப் பயிற்சிப் பெண்ணையும் திருப்பிக் கொடுங்கள். அலுவலர் மீது நடவடிக்கை எடுப்பது தங்கள் விருப்பம். என் மீதும் எடுக்கலாம். நான் மறுக்க மாட்டேன்.

காது ஆறி வருகிறது. உறைகளை மருத்துவமனைக்குப் போன அன்றே கழற்றிவிட்டோம். அம்மாவிடம் மூன்று சைகை திரும்பி வந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் காட்டுவதில்லை. காலையில் நான் அவளுக்குச் சட்டை போட்டுவிட்டால், அவளாகவே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள், பொத்தான் போடுவதற்கு.

தங்கள் பதிலுக்கு அல்ல, அந்த ஆறு ஜோடிக்காகவே காத்திருக்கிறேன்.

இடம்: தையல் கடை
நாள்: 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதிவு எண் 318-இன் தகப்பன்

இணைப்பு:
1. சைகை நோட்டு, மனைவி எழுதியது.
2. காது மருத்துவரின் அறிக்கை.
3. கை உறை, ஒரு ஜோடி, நான் தைத்தது. திருப்பி அனுப்ப வேண்டாம்.