அரிசி களைந்த நீர் வேண்டாத செடி

மச்சாள்,

இன்று காலை அரிசி களைந்தேன். அந்த நீரின் மணம் எழுந்ததும், பல்கனிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று என்னை அறியாமலே திரும்பிப் பார்த்தேன். நீங்கள் மறைந்து இரண்டு குளிர்காலம் கழிந்த பின்னும் அங்குள்ள செடிக்கு அதை வார்த்துவிடுவீர்களோ என்ற அச்சம் விடவில்லை.

ஆடிக் கலவரத்தில் கொழும்பில் அண்ணா காணாமற்போக, நீங்கள் தனியாகக் கடல் கடந்து, இந்தக் குளிர்நாட்டில் எங்கள் பார்க்டேல் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். நான் வேலை செய்த நாற்றுப்பண்ணையிலிருந்து மௌண்டன் ஏவன்ஸ் தண்டுகள் சிலவற்றைக் கொண்டுவந்து பருமணலில் ஊன்றினேன். றொக்கி மலைப் பாறைகளில் பாயாகப் படரும் செடி அது. அகராதியின் துணையோடு நூலகப் புத்தகங்களைப் படித்து, அதன் வளர்ப்பை நானாகவே கற்றிருந்தேன்.

"உது வேர் விட்டா உம்மட கொண்ணரும் உயிரோட இருக்கிறார்" என்று அண்ணாவை நினைத்துச் சொன்னீர்கள் ஒருநாள். நான் சிரித்தேன். மறுவாரமே தண்டுகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஊர் வீட்டுக் கறிவேப்பிலைக்கு வார்ப்பதுபோல் நீங்கள் தினமும் அரிசி களைந்த நீரை வார்த்திருந்தீர்கள்.

"இதுக்குச் சத்து ஆகாது மச்சாள், அழுகிப்போகும்."

"பட்டினி போட்டு வளர்க்கிறீரோ? நல்ல வளர்ப்புத்தான்!"

ஒரே ஒரு தண்டு எஞ்சியது. குளிரில் உறங்கவேண்டிய செடியாதலால் அதைப் பல்கனியில் வைத்தேன். பனி கொட்டியது.

"உள்ள எடும்! விறைச்சுச் சாகப்போகுது!"

"வெளியில விடச்சொல்லித்தான் புத்தகத்தில கிடக்கு."

"உம்மட புத்தகத்துக்குக் குளிருமோ?"

வாயால் வென்றேனே தவிர, இரவில் எழுந்து கதவுக் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டேன். அது பட்டுப்போனால், உங்கள் கண்களில் அண்ணாவைக் கொன்றவள் நானாகிவிடுவேன்.

பனி உருகியபோது இலைகள் பழுப்பேறிக் கிடந்தன. நீங்கள் கதவின் பின்னால் முகத்தை மூடி நின்றீர்கள். இரு விரல்களால் தண்டைப் பற்றி மெல்ல இழுத்தேன். வரவில்லை. மணலை வேர் இறுகப் பற்றியிருந்தது.

"பிடிச்சிட்டுது மச்சாள்!"

"ஓம், அப்ப அவர் இருக்கிறார்" என்று தரையில் அமர்ந்து விம்மினீர்கள். குளிர்காலம் முழுவதும் அறியாத பேரச்சம் அப்போதுதான் என்னைப் பிடித்தது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அண்ணாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உங்கள் நம்பிக்கையை மறுக்காமல், தண்டைச் சுற்றி மணலை அணைத்துவிட்டேன்.

அண்ணாவைப் பற்றிய செய்தி எதுவும் வராமலே நீங்கள் போய்விட்டீர்கள். செடியோ பாயாகப் படர்ந்து தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் புதுத் தண்டுகளை ஊன்றுகிறேன். வேர் பிடித்ததா என்று இன்றும் இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்க்கிறேன். தண்டு வர மறுக்கும் அந்தக் கணத்தில், உங்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன்:

"இருக்கிறார், மச்சாள்."