பதினான்காம் வீடு

செவ்வாய்க் கோள், மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு. எழுதுவது ரெஜினாள், சுகாதாரத் தொண்டர். யார் கையில் கிடைத்தாலும் வாசிக்கவும்.

நாள் 212, காலை 11.10
ஒன்று முதல் நான்காம் வீடு வரை பார்த்தாயிற்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. மொத்தம் பதினான்கு வீடு, அறுபத்தொரு பேர், எல்லாரும் தூத்துக்குடிப் பக்கம். டாக்டர் கிடையாது. ஆறு நாள் பயிற்சியும் ஒரு மஞ்சள் சட்டையும் வாங்கிக்கொண்டு போன மாதக் கப்பலில் வந்த நான் ஒருத்திதான். முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது என்பது விதி. விதி எழுதியவர் எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் போனதில்லை. டீ குடிக்காமல் கிளம்பினால் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார்கள். குடித்தேன், நான்கு டீ.

நாள் 215, மதியம் 2.40
ஐந்து முதல் ஒன்பது வரை நேற்றே முடித்துவிட்டேன். இன்று ஒன்றாம் வீட்டு வேலாயுதம் அண்ணாச்சிக்குத் தொண்டை வீங்கிவிட்டது. இரண்டாம் வீட்டிலும் காய்ச்சல்.

நாள் 219, காலை 11.05
அண்ணாச்சி போய்விட்டார். பதினாறு பேர் படுக்கையில். பூமிக்குச் சொன்னேன். பதில் வந்தது: "வருந்துகிறோம். வீடு வீடாகச் செல்வதை இரட்டிப்பாக்கவும். தங்கள் சேவைக்குப் பாராட்டுகள்." பாராட்டை வைத்து நாக்கு வழிக்கவா? ஆனாலும் போனேன். பதின்மூன்றாம் வீடு வரை, இரண்டு இரண்டு தடவை.

நாள் 224, மாலை 4.20
காய்ச்சல் வந்த தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலில் ஒன்று முதல் நான்கு. இரண்டு நாள் கழித்து ஐந்து முதல் ஒன்பது. பிறகு பத்து முதல் பதின்மூன்று. காற்றுக்கும் தண்ணீருக்கும் வீட்டு எண் தெரியாது. இந்த வரிசையில் நடந்தவள் நான் ஒருத்திதான்.
என் தொண்டையில் குச்சி விட்டுச் சோதித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. கிருமி மட்டும் இருக்கிறது.
பதினொரு பேர் செத்திருக்கிறார்கள். உதவி செய்ய வந்த நாய் நான்.

நாள் 224, மாலை 5.15
மருந்தறைக்குள் பூட்டிக்கொண்டேன். பதினான்காம் வீட்டில் மட்டும் யாருக்கும் நோயில்லை. பெல்சியா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள். தூரத்துத் தோண்டுமிடத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு இன்று காலைதான் திரும்பினார்கள். இந்த ஐந்து பேராவது பிழைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் சொன்னேன்: நோய் என்னிடமிருந்துதான் வந்தது, யாரும் என் பக்கம் வராதீர்கள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டேன்.

நாள் 226, காலை 8.15
சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. பசி பரவாயில்லை.

8.30
கதவுக்கு வெளியே பெல்சியா. ஸ்பீக்கரில் பேசுகிறாள். "யக்கா, உங்க மேல யாருக்கும் கோவம் இல்ல. வேணும்னுட்டா செஞ்சிய? ரெண்டு நாளா பட்டினியா கெடக்கியளே. கஞ்சி கொண்டாந்திருக்கோம்."
வேண்டாம், போ, பிள்ளைகள் செத்துவிடும் என்று கத்தினேன்.
"மொதல்ல எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்லுவாவ. ஒரு வாய் குடிங்க."

8.34
முகக்கவசம் ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டேன். உள்ளே பூட்டியிருந்தாலும் திறக்கும் அவசரக் கைப்பிடி கதவின் வெளிப்பக்கம் இருக்கிறது. உள்ளே மயங்கிய தொண்டரைக் காப்பாற்றுவதற்காம்.
பிள்ளைகளும் வந்திருக்கின்றன, சத்தம் கேட்கிறது.
முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு எழுதுகிறேன். அவள் புருஷனும் சேர்ந்து தள்ளு