என் கணவர் மேல் கேஸ் இல்லை என்று முத்திரை போட்ட ஒரு கடிதம் வேண்டி

அனுப்புநர்:
நா. மருதாள், வயது 58,
க/பெ. நாச்சிமுத்து,
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு),
14, கிணத்துத்தோட்டம் வீதி,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள்,
இணையக் குற்றப் பிரிவு,
திருப்பூர்.

பொருள்: வீட்டுக் கணினியில் காவல்துறை பெயரால் போலி அறிவிப்பு வந்தது – கணினி சுத்தம் செய்யப்பட்டுவிட்டது – என் கணவர் இன்னும் தேறவில்லை – அவர் மீது குற்றம் ஏதுமில்லை என எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பருப்பு வரவில்லை, கூரை ஒழுகுகிறது, முட்டை சிறுத்துவிட்டது என்று முப்பது ஆண்டுப் பணியில் எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். சொந்தக் காரியத்துக்காக எழுதும் முதல் மனு இது. கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் கணவர் திரு. நாச்சிமுத்து, வயது 64, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தும் சீலும் இல்லாத கேட் பாஸுக்கு ஒரு பனியனைக்கூட அவர் வெளியே விட்டதில்லை. ஒரு தடவை முதலாளியே தம் மகனுக்கு இரண்டு டீ-சர்ட் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "பாஸ் போட்டுட்டுப் போயிருங்க மொதலாளி" என்று வாசலில் நிறுத்தியவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் சீல் எங்கே என்றுதான் பார்ப்பார். அது இருந்தால்தான் மேற்கொண்டு படிப்பார்.

2. இரண்டாவது, அவர் மரியாதைக்காரர். எங்கள் பக்கம் எல்லோருமே 'ங்க' போட்டுப் பேசுகிறவர்கள்தான். இவர் கன்றுக்குட்டியையும் "இப்படி வாங்க" என்று கூப்பிடுவார். வாசலில் யார் வந்து நின்றாலும் வேண்டாம் போ என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதை நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், முப்பத்தெட்டு ஆண்டுகளாக.

3. மூன்றாவது, அவர் அருமைக்காரர். எங்கள் கொங்குக் கல்யாணங்களில் சீர்களை முன்னின்று நடத்திக் கொடுப்பவரை அப்படிச் சொல்வோம். கணவனும் மனைவியுமாகச் சடங்கு செய்துகொண்டு ஏற்கும் பொறுப்பு அது. அதற்குப் படிப்பு எவ்வளவு, தோட்டம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பெயரில் கறை இருக்கக் கூடாது என்பதை மட்டும் பார்ப்பார்கள். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட கல்யாணங்களை நடத்திக் கொடுத்திருக்கிறார்.

4. ஆவணி முகூர்த்த நாட்களைப் பார்ப்பதற்காகக் கடந்த 06.07.2025 அன்று எங்கள் வீட்டுக் கணினியில் இலவசப் பஞ்சாங்கம் ஒன்றைப் பதிவிறக்கினார். அது கேட்ட இடத்திலெல்லாம் 'நெக்ஸ்ட்' அழுத்தினார். வேறொரு பக்கம் 'அனுமதிக்கவும்' என்று கேட்டது. பக்கத்திலேயே 'தடைசெய்' என்றும் ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. அதை ஏன் அழுத்தவில்லை என்று நான் பின்னர் கேட்டபோது, "அனுமதி கேட்டு நிக்கறவங்கள மூஞ்சில அடிச்சாப்பல வேண்டாம்னு எப்படீங்க சொல்றது அம்மிணி?" என்றார். அப்படி மொத்தம் பதினோரு பேருக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்.

5. அன்றிலிருந்து திரையின் வலது மூலையில் விளம்பரங்கள் வந்து குதிக்கத் தொடங்கின. கணினியில் வைரஸ் என்று ஒன்று, பரிசாக ஐபோன் விழுந்திருக்கிறது என்று ஒன்று, தொப்பை கரைய எண்ணெய் என்று ஒன்று. ஒவ்வொன்றையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் மூடுவார். சில விளம்பரங்களில் அரைகுறை ஆடையில் பெண்கள் வந்தார்கள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மிணி, ஒரு பொம்பளப்புள்ள வந்து நிக்குதுங்க. நீங்களே வந்து என்னன்னு கேளுங்க" என்று அடுப்படிக்குக் குரல் கொடுப்பார். நான் கரண்டியோடு வந்து மூடிவிட்டுப் போவேன். சிரிப்பாகத்தான் இருந்தது. அப்போதே கவனித்திருந்தால் இந்த மனுவுக்கு வேலை இருந்திருக்காது. அந்தத் தவறு என்னுடையது.

6. 28.07.2025 மாலை திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்தது. சைரன் அலறியது. ஆபாசப் படங்கள் பார்த்த குற்றத்துக்காகக் கணினி காவல்துறையால் பூட்டப்பட்டுள்ளது என்றும், உடனே அபராதம் கட்டாவிட்டால் கைது என்றும் எழுதியிருந்தது. தமிழ் அவ்வளவும் பிழை. ஆனால் கீழே சிங்க முத்திரையோடு வட்டமாக ஒரு சீல் இருந்தது. என் கணவர் முதலில் பார்த்தது அதைத்தான்.

7. சத்தம் கேட்டு ஓடிவந்த நான் திரையைப் படித்தேன். படித்ததும், "என்னத்தப் பாத்துத் தொலைச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஐயா, இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் மனுவில் உண்மையை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. அவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

8. மறுநாள் காலை அவர் குளித்து, கல்யாணத்துக்குக் கட்டும் வேட்டி சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்று கேட்டதற்கு, "ரசீது இல்லாம கம்ப்யூட்டர்ல எல்லாம் கட்டக் கூடாதுங்க. நேர்ல போயி என்ன ஏதுன்னு கேட்டுக் கட்டிப்போட்டு வந்தர்றேன்" என்றார். காவல் நிலையத்துக்குத் தாமே நடந்து போய், தேடப்படும் ஆள் தாம்தான் என்று அறிவித்திருக்கிறார். மாற்றிக்கொள்ளத் துண்டும் இன்னொரு வேட்டியும் பையில் கொண்டுபோயிருந்ததைத் திரும்பி வந்தபின்தான் பார்த்தேன்.

9. அங்கிருந்தவர்கள் மிக நல்லவர்கள். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "இதெல்லாம் டூப்புங்க ஐயா. ஊட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு இம்மனு வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் என் கணவர் நிம்மதியாக இல்லை. "வயசான ஆளுன்னு பாவம் பாத்துத் தாட்டி உட்டுட்டாங்க அம்மிணி. கேஸ் இல்லீன்னா இல்லீன்னு ஒரு சீட்டுக் குடுத்திருக்க மாட்டாங்களா?" என்கிறார். சீட்டு இல்லாததால் கேஸ் இருக்கிறது என்பது அவர் கணக்கு. டெஸ்பாட்ச் மூளை ஐயா, வேறு எப்படி யோசிக்கும்.

10. 30.07.2025 அன்று கணினியை நானே சுத்தம் செய்தேன். பக்கத்து வீட்டு ரிஃபானா, ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அலுவலகத்திலிருந்து போனில் வழி சொன்னார். கணினியைப் போட்டு பிரவுசரைத் திறந்ததும் அதே அறிவிப்பு மறுபடி வந்து நின்றது. "மொதல்ல அதை போட்டோ எடுத்துக்குங்கம்மா, அப்புறமா மூடலாம்" என்றார். எடுத்தேன். எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் முழுத்திரை சுருங்கியது. பெருக்கல் குறியைத் தட்டியதும் காவல்துறையே காணாமல் போனது. பின் பிரவுசரின் செட்டிங்ஸில் அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற பதினோரு பெயர்களையும் நீக்கினேன். எக்ஸ்டென்ஷன் பட்டியலில் நாங்கள் சேர்க்காத ஒன்று இருந்தது, அதையும் எடுத்தேன். கணினியில் ஏற்றியவற்றைத் தேதிவாரியாகப் பார்த்ததில், பஞ்சாங்கம் வந்த அதே நாளில் கூடவே வேறு இரண்டும் வந்து தங்கியிருந்தன. மூன்றையும் வெளியேற்றினேன். கடைசியாகக் கணினியிலேயே உள்ள பாதுகாப்பு நிரலைக் கொண்டு முழுச் சோதனை செய்தேன். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். இதுவரை ஒரு விளம்பரமும் வரவில்லை.

11. கணினி சுத்தமாகிவிட்டது. என் கணவர் ஆகவில்லை. தாம் என்ன குற்றம் செய்தோம் என்று தேடிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "போன மாசம் டிவில ஒரு சோப்பு வெளம்பரத்த முழுசாப் பாத்துட்டனுங்க அம்மிணி. ஒருவேள அதுக்கா இருக்குமுங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எழுந்து போய்த் தயிர் எடுப்பதுபோல் உள்ளே நின்றுகொண்டேன்.

12. 03.08.2025, ஆடிப்பெருக்கு அன்று, அவிநாசிபாளையம் திரு. தங்கராஜ் தம் மகள் வர்ஷினியின் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பூலத் தட்டோடு வந்தார். தங்கராஜின் கல்யாணத்தை நடத்திக் கொடுத்தவரும் என் கணவர்தான். அவர் தட்டைத் தொடவில்லை. "என் பேருல போலீசு நோட்டீசு இருக்குதுங்க. அந்தக் கையில மாங்கல்யம் எடுத்துக் குடுக்கக் கூடாதுங்க. வேற ஆளப் பாருங்க" என்றார். தங்கராஜ் தட்டை எங்கள் மேசை மேல் வைத்துவிட்டு, "நீங்க வாரவரைக்கும் மணவறைல நாங்க காத்திருக்கறமுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். வெற்றிலை வாடிவிட்டது. தட்டு அப்படியே இருக்கிறது. கல்யாணம் ஆவணி 13, அதாவது 29.08.2025, வெள்ளிக்கிழமை.

13. இணையக் குற்றங்களுக்கான தேசிய இணையதளத்தில் புகார் பதிந்து, ஒப்புகையை அச்செடுத்து அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லீங்களே" என்றார்.

ஆகவே, இணைப்பில் உள்ள படத்தையும் இணைய முகவரிகளையும் கொண்டு, இப்படி ஊரை மிரட்டுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அதற்கு நாளாகும் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது கோரிக்கைக்கு ஐந்து நிமிடம் போதும். கீழ்க்கண்டவாறு ஒரு கடிதத்தைத் தங்கள் கையெழுத்தோடு வழங்க வேண்டுகிறேன். தங்கள் வேலைப்பளுவைக் கருதி வாசகத்தை நானே எழுதியுள்ளேன்:

'அவிநாசி, கிணத்துத்தோட்டம் வீதி, கதவு எண் 14-இல் வசிக்கும் திரு. நாச்சிமுத்து அவர்கள் மீது வழக்கு எதுவும் இல்லை. அவர் கணினியில் வந்த அறிவிப்பு போலியானது. அவர் தவறான படம் எதையும் பார்க்கவில்லை. சோப்பு விளம்பரம் பார்ப்பது எந்தச் சட்டத்தின்படியும் குற்றம் ஆகாது. அவர் கல்யாணங்களை முன்னின்று நடத்தத் தடை ஏதுமில்லை.'

முத்திரை மங்கலாக விழுந்தால் நம்ப மாட்டார். புது மை தொட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில், அவர் பெயருக்கே அனுப்பினால் நல்லது. தபால்காரரிடம் அவரே கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். நான் மனுச் செய்த விவரம் மட்டும் அதில் இடம்பெற வேண்டாம்.

இவ்வளவுக்கும் தங்களை ஏன் சிரமப்படுத்துகிறேன் என்று தோன்றலாம். அன்று நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அவரிடம் தினமும் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாதா என்றும் சொல்கிறேன். "சரிங்க அம்மிணி" என்கிறார், மறுபடி யோசிக்கப் போய்விடுகிறார். முப்பத்தெட்டு ஆண்டு கூட இருந்தவள் சொல்லுக்கு முத்திரை கிடையாது ஐயா. தங்களிடம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை எனக்காக வைத்துக் கொடுங்கள்.

இடம்: அவிநாசி
நாள்: 11.08.2025

இப்படிக்குத் தங்கள் கடிதத்துக்காகத் தபால் வரும் நேரம் வாசலில் நிற்கும்,
நா. மருதாள்

இணைப்பு:
1. போலி அறிவிப்பின் புகைப்படம்.
2. நீக்கப்பட்ட பதினோரு இணைய முகவரிகள்.
3. இணையதளப் புகாரின் ஒப்புகை (சீல் இல்லாதது).
4. தபால் தலை ஒட்டிய, முகவரி எழுதாத உறை. நான் எழுதினால் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். முகவரியை வேறு யாரையாவது எழுதச் சொல்லவும்.