இரண்டு கொம்பா, எட்டுக் கொம்பா

ஜூன் 10, செவ்வாய்

இதை யார் எடுத்தாலும் இந்த வரியோடு மூடி வைத்துவிடுங்கள். அட்டையில் 'வேதியியல் செய்முறை' என்று எழுதியிருப்பது பொய். உள்ளே உப்பும் இல்லை, அமிலமும் இல்லை. நான்தான் இருக்கிறேன். மாமாவிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். படம் பிடித்துக் குவைத்திலிருக்கும் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அனுப்பிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒரு வருடமாக, எல்லோரும் தூங்கிய பிறகு நான் வேறு ஆளாகிவிடுகிறேன். போர்வைக்குள் உட்கார்ந்து போனில் பேசுவேன். ஒரு ஆப் என் குரலை ஐம்பது வயது ஆண் குரலாக மாற்றிக் கொடுக்கும். 'வாங்கும் முன் கேளுங்கள்' என்று சேனலுக்குப் பெயர். மிக்சி, கிரைண்டர், ஃபேன், இன்வெர்ட்டர் - எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்வேன். முகம் கிடையாது. ஒரு கேள்விக்குறிப் படம் மட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள். அதில் ஒருவர் என் மாமா.

சொந்த மாமா! அம்மாவின் தம்பி அப்துல் மஜீது. பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர்தான்; எங்கள் வைஃபைதான் அவருக்கும். "திருச்சிப் பக்கம் ரிட்டயர்டு இன்ஜினீயர் ஒருத்தர் பேசுறாருக்கா. அனுபவஸ்தர். குரல்லயே தெரியுது" என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னார். நான் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையைத் தரையிலும் காம்பைச் சட்டியிலும் போட்டுவிட்டேன்.

அந்த அனுபவஸ்தர் பதினொன்றாம் வகுப்பு.

மாட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தாவின் அண்ணன் மகள் அனீஸா, போன வருடம் ஆண்டு விழாவில் எடுத்த ஒரு போட்டோவை நெட்டில் போட்டாள். பதினாறு பேர் நிற்கிற குரூப் போட்டோ. முதலில் போனைப் பிடுங்கினார்கள். அப்புறம் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். இப்போது வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அசையாத போட்டோவுக்கே அப்படி என்றால், பேசுகிற எனக்கு?

இன்றைய செய்தி: வீட்டு வைஃபை பெட்டி சாகக் கிடக்கிறது. பகலெல்லாம் சிவப்பு விளக்கு, ராத்திரி சூடு தணிந்தால்தான் பச்சை. புதிது வாங்க வேண்டும். மாமா அம்மாவிடம் சொன்னது இது:

"இப்ப வர்ற பெட்டியில, யாரு எத்தனை மணிக்கு நெட்டுல இருந்தாங்க, என்ன பண்ணாங்கன்னு லிஸ்ட்டே வருதாம்க்கா. வயசுப் பொண்ணு இருக்குற வீடு. அனீஸா கதையைப் பார்த்தோம்ல?"

ஜூன் 11, புதன்

மாமா என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார். அதாவது இன்ஜினீயரிடம்.

"ஐயா, ஐயம்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு இரண்டு கொம்பு (ஆன்டெனா) வைத்த ரவுட்டர் உள்ளது. ஒன்பதாயிரத்துக்கு எட்டுக் கொம்பு வைத்தது உள்ளது. எது வாங்கலாம்? வீட்டில் படிக்கும் பெண் பிள்ளை இருப்பதால் கண்காணிப்பு வசதி அவசியம். தங்கள் சொல்லே இறுதி."

படிக்கும் பெண் பிள்ளை அதை மூன்று தடவை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கவும் பயம்.

என்னைப் பிடிக்கிறதுக்கு எந்தப் பெட்டி நல்லதுன்னு என்கிட்டயே கேக்குறாரு. அல்லாஹ்வே, நான் என்ன சொல்றது?

ஜூன் 12, வியாழன்

இரண்டு பெட்டிகளின் கையேட்டையும் படித்தேன். வாங்கியவர்கள் எழுதியதையும் படித்தேன். ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள்: 'டெலிவரி தம்பி மரியாதையாகப் பேசினார்.' ஒரு நட்சத்திரம் போட்டவர்கள்தான் சாமானைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நேர்மையாகச் சொன்னால், எங்கள் வீட்டுக்கு இரண்டு கொம்பே போதும். மூன்று அறை, நான்கு போன். கேபிளில் வருகிற வேகமே குறைச்சல். அதைத்தான் பேசினேன். "வாய்க்காலில் வருவதே ஒரு சாண் தண்ணீர். மதகை எட்டுக் கண் வைத்துக் கட்டினால் மட்டும் வயலுக்கு இரண்டு சாண் பாயுமா?"

நன்றாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பயத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டேன். எட்டுக் கொம்புப் பெட்டி அதிகம் சூடாகும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்று. எந்தக் கையேட்டிலும் அப்படி இல்லை. ஒரு நட்சத்திரக்காரர்கூடச் சொல்லவில்லை.

உண்மையே எனக்குச் சாதகமாக இருந்தது. பிறகு எதற்குப் பொய்? தெரியலை. பயம் வந்தா உண்மை பத்தாத மாதிரி இருக்கு.

ஜூன் 13, வெள்ளி

"இன்ஜினீயரை விலைக்கு வாங்கிட்டானுவக்கா" என்று சொல்லிக்கொண்டே மாமா உள்ளே வந்தார். முகம் வாடியிருந்தது.

"யாருடா வாங்குனா?"

"மலிவுப் பெட்டிக் கம்பெனிக்காரன்தான். ஒருத்தன் விலை கம்மியானதை வாங்குன்னு சொல்றான்னா வேற என்ன அர்த்தம்? இத்தனை நாள் இந்த ஆளை நம்புனேனே!"

எந்தக் கம்பெனியும் எனக்கு இதுவரை ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை.

ஒன்பதாயிரமா என்று அம்மா தயங்கினார். மாமா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "மச்சான் குவைத்துல இருக்காரு, வீட்டுல ரெண்டு கொம்பா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

வருகிறவர்கள் எங்கள் வீட்டில் கொம்பை எண்ணப் போகிறார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஜூன் 14, சனி

வந்துவிட்டது. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருக்கிறது. தெருவில் ஆறு பேர் வந்து பார்த்தார்கள். எண்ணினார்கள்!

எங்கே வைப்பது என்று பேச்சு வந்ததும் அம்மா இரும்பு பீரோவைத் திறந்தார். எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சாமான், விலை கூடின சாமான் எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். அத்தா ஆறு வருடத்துக்கு முன் கொண்டுவந்த சென்ட், இரண்டு கம்பளி, ஒரு ஃபிளாஸ்க். எதையும் பிரித்ததில்லை. விருந்தாளி வந்தால் காட்டிவிட்டுப் பூட்டிவிடுவோம். "ஒம்பதாயிர ரூபா சாமானை வெளியில வச்சுக் கண்ணு படவா?" என்றார் அம்மா.

கேபிள் போடுகிற ரெத்தினம் அண்ணன், "பீரோவுக்குள்ளயாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"எட்டுக் கொம்பு இருக்குல்லய்யா, வெளிய வரும். நீங்க ஓட்டையைப் போடுங்க" என்றார் மாமா.

பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு வயரை நுழைத்து, கொம்புகளை மடக்கி, சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. பூட்டிச் சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டார்.

என்னைக் கண்காணிக்க வந்தவரை உள்ளே போட்டுப் பூட்டியாயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

மாமா போனில் ஆப்பைத் திறந்தால் 'சாதனம் கிடைக்கவில்லை' என்று வருகிறதாம். அவர் வீட்டுக்கு ஒரு துளி சிக்னல் போகவில்லை. எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு லீவு. அம்மா நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு, போன் முன்னால் உட்கார்வது வாரத்தில் இந்த ஒரு நாள்தான். இன்று அத்தா "ஆஸ்பத்திரிக்கு" என்று சொன்னதோடு படம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. அப்படியே அரைமணி நேரம். அம்மா போனைத் தட்டினார், குலுக்கினார், அழுதார்.

பிறகு சாதாரண போன் அழைப்பில் பேசினால், ரூமில் கூட இருப்பவருக்குப் பல் வலியாம். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "மொகத்தைப் பார்த்தாத்தான் தெரியும். குரலை வச்சு என்ன கண்டுபிடிக்கிறது?" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய வராதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "ஏன், நீ என்ன இன்ஜினீயரா?"

'ஆமாம்' என்று வாய்வரை வந்துவிட்டது.

ஜூன் 21, சனி

மாமா மறுபடி எழுதியிருக்கிறார். "ஐயா, தங்களைத் தவறாக நினைத்தமைக்கு வருந்துகிறேன். எட்டுக் கொம்பே வாங்கினோம். பாதுகாப்பாக பீரோவில் பூட்டி வைத்தும் சரியாக எடுக்கவில்லை. என்ன கோளாறு?"

பதில் சொல்லாவிட்டால் நான் தப்பிப்பேன். ஆப் வேலை செய்யாது, லிஸ்ட் வராது. அத்தாவின் முகமும் வராது. சொன்னால் எல்லாம் வரும்.

அம்மா போனைக் குலுக்கியது கண்ணிலேயே நிற்கிறது. பேசிவிட்டேன். பீரோவைவிட்டு வெளியே எடுங்கள், உயரமாக, திறந்தவெளியில் வையுங்கள், கொம்பை நிமிர்த்துங்கள். அதோடு, தீப்பிடிக்கும் என்று சொன்னது தவறு, மன்னியுங்கள் என்றும்.

பீரோவோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சிக்னல். அதைக் கட்டிப்பிடித்தபடி வீடியோவை ஏற்றினேன். என்னை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே மாமா வந்துவிட்டார். "அக்கா, சாவியைக் கொடு. இரும்புக்குள்ள வச்சா சிக்னல் வெளிய வராதாம். இன்ஜினீயர் சொல்லிட்டாரு."

வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னதுதான். ஆண் குரலில் இரும்புக்கு அறிவியல் கூடிவிடுகிறது.

பெட்டி இப்போது பீரோவின் தலைமேல். ஆப்பும் வேலை செய்கிறது. இன்று முதல் கணக்கெடுத்து வெள்ளிக்கிழமைதான் லிஸ்ட் வருமாம்; அதை அத்தா முன்னால் வாசிக்கப் போகிறாராம்.

ஜூன் 25, புதன்

மூன்று நாளாகச் சேனலில் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் காய்ச்சலா என்று கேட்டார்.

ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலுக்குத் திரும்பிவிட்டது. ராத்திரியில்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அத்தாவின் வயலை மாமாதான் பார்த்துக்கொள்கிறார். "மூணு ராத்திரியா நாத்தங்கால்லயே கெடக்கேன் மச்சான். கண்ணு எரியுது" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 26, வியாழன்

ஒரத்தநாட்டிலிருந்து ஒருவர், மாட்டுக்கொட்டகைக்கு எந்த ஃபேன் போடலாம் என்று கேட்டு நான்கு நாளாகிறது. நாளை காலை கடைக்குப் போகிறாராம். வெயிலில் மாடு பால் குறைத்துவிட்டதாம். பேசாமல் எப்படி இருப்பது? அரைமணி நேரம்தான். இன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான்.

பைத்தியக்காரி. நாளைக்கு லிஸ்ட் வாசிக்கப் போறாங்க.

ஜூன் 27, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

அத்தாவின் படம் தெளிவாக வந்தது. அம்மா, "ஏங்க, மீசை இவ்வளவு நரைச்சிருச்சு" என்று ஆரம்பித்தார். மாமா நடுவில் புகுந்தார். "அதெல்லாம் அப்புறம்க்கா. மச்சான், ஒம்பதாயிரத்தோட அருமையை இப்பப் பாருங்க. இந்த லிஸ்ட்டுலேர்ந்து யாரும் தப்ப முடியாது." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "அதிக நேரம் இருந்தவங்க, முதலிடம்... மஜீது."

வாசித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

"யாரு?" என்றார் அத்தா. மாமா போனை அணைக்கப் போனார். அதற்குள் அம்மா வாங்கி வாசித்தார். "இருபத்து ரெண்டு, இருபத்து மூணு, இருபத்து நாலு. ராத்திரி பதினொண்ணுலேர்ந்து மூணரை வரைக்கும். ஏதோ பண்ணை விளையாட்டாம்ங்க. தக்காளி பறிக்கிற படம் போட்டிருக்கு."

"இரு, இரு. மஜீது, அந்த மூணு ராத்திரியும் நாத்தங்கால்ல கெடந்தேன்னு சொன்னியே?"

"கெடந்தேன் மச்சான்."

"நம்ம வீட்டு நெட்டு வயல் வரைக்குமா வருது?"

"எட்டுக் கொம்பு இருக்குல்லங்க" என்றார் அம்மா.

மாமாவுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. "மெஷினுல கோளாறு மச்சான். மலிவானதே போதும்னு இன்ஜினீயர் அப்பவே சொன்னாரு."

அம்மா லிஸ்ட்டை இன்னும் கீழே தள்ளினார். விரல் ஓரிடத்தில் நின்றது. என் பெயர். நள்ளிரவு பன்னிரண்டு பத்து முதல் பன்னிரண்டு நாற்பது. வீடியோ ஏற்றம். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேற யாரு பேரு இருக்கு?" என்று கேட்டார் அத்தா.

"வேற ஒண்ணுமில்லீங்க. மீசையைக் காட்டுங்க, பார்ப்போம்."

ஜூன் 28, சனி

யாரும் கேட்காமலே மாமா பெட்டியைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போய் மாற்றி வந்துவிட்டார். இரண்டு கொம்பு. லிஸ்ட் கிடையாது. வீடு முழுக்க நன்றாகவே எடுக்கிறது. யாரும் எண்ண வரவில்லை. அத்தாவின் நாற்றங்காலில் பாதி காய்ந்து போயிருக்கிறது. தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டதாம். இன்று ராத்திரி மாமா நிஜமாகவே டார்ச் லைட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

சாப்பிடும்போது அம்மா மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றியபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்த இன்ஜினீயர் பேசுனதையெல்லாம் இன்னிக்கு உக்காந்து கேட்டேன். கிரைண்டரைப் பத்திச் சொன்னது அத்தனையும் தப்பு. மோட்டாரு, வாட்டுன்னு என்னென்னமோ சொல்றாரு. கல்லுக்கடியில மாவு தங்குமா, கழட்டிக் கழுவ வருமான்னு ஒரு வார்த்தை இல்லை. பாவம், வாழ்நாள்ல ஒரு தடவை கிரைண்டர் கழுவியிருக்க மாட்டாரு."

உண்மைதான். எங்கள் வீட்டில் அம்மா மட்டும்தான் கழுவுகிறார்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எவ்வளவு தெரியும்? அத்தாவிடம் சொல்வாரா? நாளை பள்ளிக்கூடம் போவேனா? சொல்வதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே?

மணி பதினொன்றே முக்கால். போர்வைக்குள்தான் இருக்கிறேன். இன்று பேசவா, வேண்டாமா

கதவு தட்டும் சத்தம். மெதுவாக. அம்மா.

"தூங்கலைன்னு தெரியும். தொற. கிரைண்டரைப் பத்தி நானே சொல்லிடுறேன். ஏ ஹுமைரா, என் குரலையும் இன்ஜினீயர் குரலா மாத்துமா அது?"