உடுப்பைக் கழற்றும் முன் மனுவைக் கொடு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் இங்கே இருக்கிறோம், நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று அறிய ஆசை. நலம் என்ற வார்த்தையை இந்தத் தடவை வேண்டுமென்றே விட்டுவிட்டேன், ஏன் என்று படித்தால் புரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது நான் ஆமாம் ஆமாம் என்றதெல்லாம் ஒப்புக்குச் சொன்னது, பாதி என் காதில் விழவே இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னாயாம், ரொம்ப சந்தோஷம் என்று நான் சொன்னேனாம், போனை வைத்ததும் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் இன்னும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறாள், காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன, வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். நான் குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோகிறேன், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தானே மூடுவதற்கு. டிவி அலறுகிறது என்று மாடி வீட்டுக்காரர் இரண்டு தடவை இறங்கி வந்து சண்டை போட்டார், அவர் திட்டியதும் சரியாகக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

கெட்ட செய்தி ஒன்று சொல்ல வேண்டும், போனில் சொல்ல மனம் வரவில்லை, எப்படிச் சொன்னாலும் அது கெட்ட செய்திதான். உன் நெட்டை மாமா போன செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான். பதினோரு வருஷம் என்னோடு ஒரே பீரங்கியில் நின்றவன், கடைசியில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க மூச்சு இல்லாமல் போனான். முகாமில் குப்பையையும் பழைய டயரையும் போட்டு எரிக்கிற குழிப் பக்கம் இரண்டு வருஷம் அவனை நிறுத்தியிருந்தார்கள், இருமல் அப்போதே வந்துவிட்டது. இழப்பீட்டுக்கு மனு கொடுடா என்று யார் சொன்னாலும், இன்னும் கொஞ்சம் முத்தட்டும்டா, முத்தின பிறகு போனாத்தான் மதிப்பாங்க, இப்பப் போனா சாதா இருமல்னு துரத்தி விட்டுடுவாங்க என்பான். நானும் தலையாட்டினேன். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் இதே புத்திதான், வியாதியைப் பழுக்க வைத்துக் கொண்டுபோய்க் காட்டுகிற புத்தி. ஒரு வழியாகப் போன வருஷம்தான் கொடுத்தான். அடக்கம் முடிந்த மறுநாள் தபால் வந்தது, நுரையீரல் பரிசோதனைக்கு நேரில் வரவும், வரத் தவறினால் மனு தள்ளுபடி செய்யப்படும் என்று. அத்தை அதை என்னிடம் நீட்டி, இதுக்கு நான் என்னண்ணே பதில் போடறது என்று கேட்டாள். அவள் உதடு அசைந்ததிலேயே எனக்குப் புரிந்தது. ஆனாலும் கேட்காதது போல உட்கார்ந்திருந்தேன். என் செவிட்டுக் காதுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டது அதுதான் முதல் தடவை, இன்னும் வெட்கமாக இருக்கிறது.

என் கதையும் உனக்கு முழுசாகத் தெரியாது. பட்டாளத்தில் சேவை முடிந்து வெளியே அனுப்பும் நாளில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒரு டாக்டர் பார்ப்பார். என் காதுக்குள் ஓயாமல் ஒரு விசில் அப்போதே ஊதிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவன் முதுகு வலி என்று வாயைத் திறந்தான், அவனை ஓரமாக உட்கார வைத்து, எல்லா டெஸ்டும் முடிய ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் இங்கதான் என்று குமாஸ்தா சொல்லிவிட்டார். வாசலில் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. நீ பிறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது, உன் முகத்தை நான் பார்க்கவில்லை. குறை ஏதும் இல்லை, நலமாக இருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். உன்மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே அம்மா, இரண்டு வாரம் கழித்து வந்திருந்தாலும் நீ அதே மூக்கும் முழியுமாகத்தான் இருந்திருப்பாய். பிறகு சரக்குக் கிடங்கு வாசலில் வேலை பார்த்தபோது, பின்னோக்கி வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் மரம் மாதிரி நின்றேன். டிரைவர் பிரேக் அடித்ததால் நான் பிழைத்தேன், வேலை பிழைக்கவில்லை. அதன் பிறகுதான், பத்தொன்பது வருஷம் கழித்து, மனு கொடுத்தேன். நீங்களே நலம்னு எழுதியிருக்கீங்களே ஐயா என்று அந்த ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீயும் பட்டாளத்தை விட்டு வெளியே வர இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. போன லீவில் நீ மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்கியதை அம்மா பார்த்திருக்கிறாள், துவைக்க எடுத்த உன் சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டை மூன்று இருந்ததாம், இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் மனசிலேயே வைத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், பெட்டியோடு லாரியிலிருந்து விழுந்துவிட்டேன், முட்டி வீங்கியிருக்கிறது, என்ன செய்யட்டும் அப்பா என்று நீ எழுதினாய். மெடிக்கல் ரூம் பக்கமே போகாதே, ஒரு தடவை போனால் நோஞ்சான் என்று முத்திரை குத்திவிடுவார்கள், பெண் என்றால் கேட்கவே வேண்டாம், பல்லைக் கடித்துக்கொள் என்று நான் பதில் போட்டேன். போடுவதற்கு முன்னால் நெட்டையிடம் பெருமையாகப் படித்துக்கூடக் காட்டினேன், சரியாச் சொன்னடா என்றான். சின்ன வயசில் நான் சொன்ன எதையும் கேட்காதவள் நீ, இதைப் போய்க் கேட்டுத் தொலைத்தாயே.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் முன்னாள் வீரர்கள் அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் எடுத்து, கால் ஆடுகிற ஒரு பெஞ்சில் மத்தியானம் வரை காத்திருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் என் காதைப் புரிந்துகொண்டு எல்லாவற்றையும் ஒரு பழைய தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள், அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. உடுப்பில் இருக்கும்போதே மனு கொடுக்க வேண்டுமாம், கடைசி மூன்று மாதத்துக்குள் நுழைந்துவிட்டால் அந்த வழி அடைபட்டு, வெளியே வந்து நீள வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஆக உனக்கு இருப்பது ஒரு மாதம். முத்தட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பிறகு மோசமானால் மறுபடி கேட்கலாம், கேட்காத நாளுக்கான பணம் போனது போனதுதான். நாளைக்கே மெடிக்கல் ரூமுக்குப் போய் முட்டியைக் காட்டி எழுத வைத்து, நகல் வாங்கிக்கொள். அன்றைக்கு நீ விழுந்ததைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமும் எழுதி வாங்கு. பிறகு அவள் ஒரு கேள்வி எழுதினாள், அப்பவே யார்கிட்டயாவது சொன்னாளா என்று. என்கிட்ட சொன்னாள் என்றேன். அப்படின்னா நீங்கதான் சாட்சி என்று ஒரு படிவத்தைக் கொடுத்தாள்.

அதில் உன் பழைய கடிதத்தின் தேதியை எழுதினேன், அதன் நகலை இணைத்துப் படிவத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். கடைசிக் கட்டத்தில், அப்போதே சிகிச்சை பெறாததற்குக் காரணம் என்று கேட்டிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு எழுதினேன், அவள் போகத்தான் நினைத்தாள், போகாதே என்று தகப்பனாகிய நான் தடுத்தேன் என்று. உன் அம்மா வாங்கிப் படித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள். இதைப் பிரித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கு அவமானம் என்று அந்த ஒரு வரியை மட்டும் மறைக்கப் பார்ப்பாய். மறைக்காதே. அந்த வரி இல்லாவிட்டால், மூன்று வருஷம் ஏன் வாய் திறக்கவில்லை என்று உன்னைத்தான் கேட்பார்கள், பொய்க்காரி என்று உன்னைத்தான் எழுதுவார்கள். கோபம் இருந்தால் என்மேல் காட்டு, நியாயம்தான். படிவத்தை மட்டும் அப்படியே கொடு.

நீ நூறு வயசு உன் கால்களில் நடக்க வேண்டும். கொடுத்த அன்றைக்கே தேதி முத்திரை போட்ட ரசீதை வாங்கி எனக்கு அனுப்பு, போன் செய்யாதே, ரசீதை அனுப்பு. அம்மா உனக்கு முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த
அப்பா