காற்றில் சாய்ந்த பலகை

அன்பு மகளே,

நேற்று ஊர்க்கூட்டத்துக்கு நீ வருவாய் என்று நான் நினைக்கவில்லை. லண்டனைச் சுற்றிக் கட்டடம் எழும்பாமல் காத்துவரும் பசுமை வளைய நிலத்தில் நானூறு வீடுகள் கட்டினால் வானம்பாடிகள் எங்கே கூடு கட்டும் என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வரப்போறவங்க யாரு? இந்தக் கென்ட் மண்ணுக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையில் நீ குழந்தையோடு எழுந்தாய்.

"நான்தான்ப்பா வரப்போறவ. இங்க வீடு வாங்க முடியாமத்தானே மாமியார் வீட்டுல ஒத்த ரூம்ல கெடக்கோம்? அந்த நானூறுல ஒரு வீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இன்று காலை, நம் வாசலில் நட்டிருந்த 'வீடுகள் வேண்டாம்' பலகையைப் பிடுங்கினேன். நாயோடு வந்த பக்கத்து வீட்டு கிளைவ், "என்னாச்சுப்பா, பலகையக் காணோம்?" என்றார்.

காற்றில் சாய்ந்துவிட்டது என்றேன்.

காற்றே இல்லை, மகளே.

உன் அப்பா